கேட்பதற்கு ஒரு பட்டம்

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் கிறிஸ்தவக் கோயில் உள்ள ஊர் என்றால், அங்கே உபதேசியார் என்று ஒருவர் இருப்பார். குருப்பட்டம் பெறாதவர். ஆனால் கோயில் மணி அடிப்பதிலிருந்து, பிள்ளைகளுக்கு ஞானப்பாட்டுச் சொல்லிக் கொடுப்பது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்துவது, செத்த வீட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பது வரை அத்தனையும் அவர் பொறுப்புத்தான். பெயரிலேயே உபதேசம் இருப்பதைக் கவனியுங்கள். அவர் வேலை சொல்வது. ஊரார் வேலை கேட்பது.

நம் நாட்டில் உபதேசம் செய்கிறவர்களுக்கு என்றைக்குமே பஞ்சம் வந்ததில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து 'பல்வலி' என்று முகத்தைச் சுளித்தால் போதும்; முன்னும் பின்னும் இருக்கிற நாலு பேர் நாலு வைத்தியம் சொல்லி, ஐந்தாவது ஆசாமி அந்த நாலும் தப்பு என்று நிரூபித்து விடுவார். கேட்கிறவர்களுக்குத்தான் பஞ்சம். அப்படிப்பட்ட தேசத்தில், பிறர் துன்பத்தைக் கேட்பது எப்படி என்பதை ஒரு பாடமாக வைத்து, வாத்தியார் நியமித்து, பரீட்சை நடத்தி, பட்டமும் கொடுக்கிறார்கள் என்றால் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் குருமார்களாகப் போகிறவர்கள் படிக்கும் படிப்பில் இதுவும் ஒரு பகுதி. 'ஆற்றுப்படுத்துதல்' என்று அதற்குப் பெயர். இந்தப் படிப்பு எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்று தேடிப் பார்த்தபோது, அது என்னைச் சுமார் நானூற்று ஐம்பது வருஷம் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

தமிழ் நாட்டுக் கிறிஸ்தவத்தின் பழங்கதை என்றால் எல்லோரும் உடனே ராபர்ட் டி நொபிலியைத்தான் சொல்வார்கள். 1606-ம் வருஷம் மதுரைக்கு வந்தவர் அவர். காவி உடுத்து, மரக்கறி உண்டு, சமஸ்கிருதம் கற்று, தத்துவ போதகர் என்று பெயர் பூண்டு வாழ்ந்த இத்தாலியர். அவருக்கு முன்பே மதுரையில் இருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற பாதிரியாருக்கு இந்த வேஷம் பிடிக்கவில்லை. புகார் கோவாவுக்குப் போய், ரோமாபுரிக்குப் போய், கடைசியில் 1623-ல் பதினைந்தாம் கிரகோரிப் பாப்பரசர் நொபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். நாவலுக்கு ஏற்ற கதைதான், சந்தேகமில்லை. ஆனால் நொபிலி பெரிய பேச்சாளர், பெரிய வாதி, பெயரே 'போதகர்'. என் விஷயத்துக்கு வேண்டியவர் அவரல்லர். அவருக்கும் முந்தி, முத்துக்குளித்துறையில் வாழ்ந்து, 1600-ல் புன்னைக்காயலில் காலமான ஹென்ரிக் ஹென்றிக்கஸ் பாதிரியார்தான்.

1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற சிறு புத்தகத்தைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இந்திய மொழி எழுத்தில், இந்திய மண்ணில் அச்சான முதல் புத்தகம் என்ற பெருமை அதற்கு உண்டு. அதைப் பற்றிப் பேசுகிற பலர், அதே ஹென்றிக்கஸ் 1580-ல் கொச்சியில் அச்சிட்ட இன்னொரு புத்தகத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதன் பெயரைப் பாருங்கள்: 'கொம்பெசியொனாயரு'. போர்ச்சுகீசியச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறார். பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று சொல்லும் புத்தகம் அது.

எனக்கு இது சாமானிய விஷயமாகப் படவில்லை. தமிழ் தெரியாத பாதிரியார் ஒரு பக்கம். போர்ச்சுகீசியம் தெரியாத பரதவர் மறுபக்கம். நடுவே ஒரு துபாஷி. தன் மனத்தை உறுத்துவதை ஒருவன் மூன்றாம் மனுஷன் ஒருவனிடம் உரக்கச் சொல்லி, அவன் அதை மொழிபெயர்த்துப் பாதிரியாரிடம் சொல்ல வேண்டும். அந்த மூன்றாம் மனுஷன் அதே கடற்கரையில், அதே தெருவில் குடியிருப்பவன்! உண்மையை யார் சொல்வார்கள்? ஹென்றிக்கஸ் தமிழ் படித்து, துபாஷியை அனுப்பிவிட்டுத் தாமே கேட்கத் தேறினார். மற்றப் பாதிரிமாருக்கும் ஜனங்களுக்கும் அது கைவர வேண்டும் என்றுதான் புத்தகம் போட்டார். தமிழ் அச்சுக்கலையின் மிக ஆரம்பத்திலேயே, ஒருவன் இன்னொருவனிடம் தன் அந்தரங்கத்தைத் தமிழில் சொல்வதற்காக ஒரு நூல் வந்துவிட்டது. தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் இது எனக்கு மிகவும் பிடித்த சம்பவம்.

ஆனால் ஒன்று. பாவசங்கீர்த்தனத்தில் கேட்பவர் நீதிபதி ஸ்தானத்தில் இருக்கிறார். சொல்லப்படுவது பாவம். புருஷனிடம் அடிபடுகிறவளுடைய பாவம் என்ன? மழை பொய்த்துக் கடனில் மூழ்கியவன் எந்தக் கட்டளையை மீறினான்? அவர்களிடம் சொல்வதற்குத் துக்கம் இருக்கிறது, பாவம் இல்லை. இந்த வித்தியாசத்தைப் பாடப் புத்தகம் ஏற்றுக்கொள்ள இன்னும் மூன்றரை நூற்றாண்டு பிடித்தது.

இடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கரிடம் உபதேசியாருக்கு 'வேதியர்' என்று பெயர். அவர்களுக்காக வீரமாமுனிவர் 1727-ல் 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். தரங்கம்பாடியில் 1706-ல் இறங்கிய சீகன்பால்கு, 1716-ல் உபதேசியார்களைத் தயாரிக்க ஒரு பள்ளி ஆரம்பித்தார். மதுரைக்கு அமெரிக்க மிஷனரிகள் வந்தது 1834-ல். அதுவும் அமெரிக்காவிலிருந்து நேரே வரவில்லை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள். 1842-ல் திருமங்கலத்தில் வில்லியம் டிரேஸி ஆரம்பித்த பள்ளி 1845-ல் பசுமலைக்கு மாறியது. பசுமலை அடிவாரத்திலிருந்து உபதேசியார்கள் புறப்பட்டுச் சுற்றுவட்டாரத்துக் கரிசல் காடுகளுக்கும் செம்மண் மேடுகளுக்கும் போனார்கள். பிற்காலத்து அமெரிக்கன் கல்லூரிக்கும் வித்து அங்கே போட்டதுதான்.

பசுமலையில் படித்துப் போனவர் கிராமத்தில் யாருடைய இடத்தில் போய் உட்கார்ந்தார் என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அதுவரை அந்த ஊரில் மனக் கஷ்டம் வந்தவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. பெண்ணுக்குச் சித்தம் சரியில்லை என்றால் கோடாங்கியை அழைப்பார்கள். அவர் உடுக்கையை அடித்துக்கொண்டு, "யார் வந்திருக்கிறது? என்ன குறை?" என்று கேட்பார். வாய் திறவாத மருமகள் அப்போது வாய் திறப்பாள். மாமியார் சோறு போடாததும், புருஷன் கை நீட்டியதும் அம்மன் வாயாலோ, செத்துப்போன நாத்தனார் வாயாலோ வீடு நிறைந்த ஜனங்களுக்கு முன்னால் வெளியே வரும். ஒருவன் ஒருவனை ஏமாற்றினால் அழகர்கோயிலுக்குப் போய்ப் பதினெட்டாம்படிக் கருப்பன் முன் சத்தியம் செய்வார்கள். இவற்றில் மூட நம்பிக்கையும் இருந்தது, சமயத்தில் கொடுமையும் இருந்தது. சாட்டையடியும் வேப்பிலையடியும் யார் மேல் விழுந்தன என்று பார்த்தால் பெரும்பாலும் பெண்கள்மேல்தான். ஆனாலும் துக்கம் வெளியே வர ஒரு வாசல் இருந்தது. வேதத்தில் சேர்ந்தவன் கோடாங்கியிடம் போகக்கூடாது என்று மிஷன் கட்டளை போட்டது. வாசலை அடைத்தாயிற்று. பதிலுக்குத் திறந்த வாசலில் உபதேசியார் நின்றார். அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்ததோ வேதபாடம், பிரசங்கம், கொஞ்சம் கணக்கு. கேட்பதற்கு அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அநேகம் பேர் சுபாவத்தினாலேயே நல்ல செவியுடையவர்களாக இருந்திருப்பார்கள். சிலர் இருந்திருக்க மாட்டார்கள்.

குருமாருக்குத் தமிழிலே உயர்தரமான படிப்புத் தரவேண்டும் என்று திருநெல்வேலிச் சீமையில், நாசரேத்துக்கு அருகே திருமறையூரில் பெரிய முயற்சி நடந்தது. 1930-களில் அதற்குத் தலைவராக இருந்தவர் ஸ்டீபன் நீல். மகா மேதை, தமிழில் வல்லவர், 1939-ல் திருநெல்வேலிப் பிஷப்பும் ஆனார். அவரே வாழ்நாளின் பெரும் பகுதி தூக்கமின்மையாலும் மனச்சோர்வாலும் அவதிப்பட்டவர் என்பது அவருடைய சுயசரிதையிலிருந்து தெரிகிறது. 1944-ல் அவர் இந்தியாவை விட்டே போகும்படி ஆயிற்று. உடல்நலக் குறைவு ஒரு காரணம். தமக்குக் கீழே இருந்தவர்களை அடித்துத் தண்டித்தார் என்ற குற்றச்சாட்டு இன்னொரு காரணம் என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மந்தைக்கெல்லாம் மேய்ப்பர், அவர் மனத்தைக் கேட்க ஆளில்லை, அவர் கையைத் தடுக்கவும் ஆளில்லை. ராமநாதபுரத்துக் கீதாரிகள் மதுரைப் பக்கம் வயல்களில் கிடை போட வரும்போது, தனியாக ஒரு ஆள் வருவதில்லை. பல குடும்பத்து ஆடுகளைச் சேர்த்துக்கொண்டு பல பேராகத்தான் வருவார்கள். கிறிஸ்தவத்தில் மேய்ப்பர் உபமானத்தை எடுத்துக்கொண்டவர்கள் இந்த ஏற்பாட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கலாம்.

இப்போது கடல் தாண்டிக் கொஞ்சம் போய்வர வேண்டும்.

அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் என்று ஒரு பாதிரியார் இருந்தார். 1920-ல் அவருக்குச் சித்தப் பிரமை ஏற்பட்டு, பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் ஒரு வருஷத்துக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார். தெளிந்து வெளியே வந்ததும் மற்றவர்களாயிருந்தால் அந்த ஊர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். பாய்சனோ, அப்படிப்பட்ட ஆஸ்பத்திரி ஒன்றுக்கே வேலைக்குப் போனார். 1925-ம் வருஷக் கோடையில் வூஸ்டர் நகரத்து மனநோய் ஆஸ்பத்திரிக்கு இறையியல் மாணவர் சிலரை அழைத்துப் போய், வார்டு ஊழியர்களாக வேலை பார்க்க வைத்தார். நோயாளிகளுக்கு அருகில் இருந்து அவர்களையே புத்தகத்தைப் போலப் படியுங்கள் என்றார். ஒரு படிப்பையே பைத்தியம் தெளிந்தவர் ஒருவர் உண்டாக்கினார் என்பது அந்தப் படிப்புக்கு ஒரு பெருமை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தவர் கார்ல் ராஜர்ஸ். பாதிரியாராகப் போக நியூயார்க்கில் படித்துக்கொண்டிருந்தவர், பாதியில் அதை விட்டு மனோதத்துவத்துக்குத் தாவினார். வந்தவனுக்கு யோசனை சொல்லாதே. அவன் பேச்சை உள்ளபடி வாங்கி, அவன் உணர்வைப் புரிந்துகொண்டதை அவனுக்குக் காட்டு. வழியை அவனே கண்டுகொள்வான் என்பது 1942-ல் அவர் வெளியிட்ட நூலின் சாரம். குருத்துவத்தை விட்டுப் போனவர் கண்டுபிடித்த முறையைக் குருமார் பள்ளிகள் திரும்ப வாங்கிக்கொண்டன.

இந்த முறை தமிழ்நாட்டுக்கு வந்தபோது சங்கடம் இல்லாமலில்லை. "ரொம்பக் கஷ்டமா இருக்குங்கய்யா" என்று ஒருவர் வருகிறார். "உங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது, இல்லையா?" என்று புஸ்தகப்படி ஐயர் திருப்பிச் சொல்கிறார். "அதைத்தானே நானும் சொன்னேன்!" என்று வந்தவர் எழுந்து போய்விடுவார். நம்மவர்கள் பெரியவர்களைத் தேடி வருவதே ஒரு வார்த்தை கேட்கத்தான். ஜஸ்வந்த் சிங் நேக்கி என்ற மனநோய் வைத்தியர், பஞ்சாபியில் பேர்பெற்ற கவிஞருங்கூட, 1973-ல் இதைப் பற்றி எழுதினார்: இந்தியாவில் சிகிச்சைக்குப் பொருத்தமான உறவு குரு-சிஷ்ய உறவாக இருக்கலாம் என்றார். எனக்கு இதில் பாதிதான் சம்மதம். சிஷ்யன் மனம் நோகாத குரு கிடைத்தால் சரி. ஸ்டீபன் நீல் கதையை நினைத்தால் மீதிப் பாதிக்குச் சம்மதிக்கத் தயக்கமாயிருக்கிறது.

அமெரிக்கப் பயிற்சியில் இன்னொரு அம்சம் இருக்கிறது. எழுதிப் பிழைக்கிற என்னை அதுதான் பிடித்து நிறுத்தியது. 1930-களில் பாஸ்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் ரஸ்ஸல் டிக்ஸ் என்ற குருவானவர், நோயாளிகளோடு தாம் பேசியதை வார்த்தை பிசகாமல் எழுதிப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார். அது இந்தப் படிப்பில் உலகெங்கும் நிலைத்துவிட்டது. மாணவர் ஆஸ்பத்திரிக்கோ வீட்டுக்கோ போய்ப் பேசிவிட்டு வந்து, அன்றைக்கே அவர் என்ன சொன்னார், இவர் என்ன சொன்னார், எங்கே மௌனம் விழுந்தது என்று ஞாபகத்திலிருந்து எழுத வேண்டும். பிறகு வாத்தியாரும் சக மாணவர்களும் வரி வரியாக அதைக் கிழிப்பார்கள். முறை புரிவதற்காக நானே ஓர் உதாரணம் கட்டிச் சொல்கிறேன்.

"வணக்கம் பாட்டி. இப்ப எப்படி இருக்கீங்க?"

"என்னத்தப்பா இருக்கேன். ராத்திரி பூரா கண்ணு மூடல."

"கவலைப்படாதீங்க பாட்டி. ஆண்டவர் எல்லாம் பார்த்துக்குவார்."

"ஆமாப்பா." (சற்று மௌனம்.)

"ஜெபம் பண்ணட்டுங்களா?"

"பண்ணுப்பா."

பார்வைக்கு ஒரு குறையுமில்லை. பையன் மரியாதையாகப் பேசியிருக்கிறான், ஜெபமும் செய்துவிட்டான். ஆனால் வாத்தியார் மூன்றாவது வரியில் விரலை வைப்பார். "ராத்திரி பூரா கண்ணு மூடல என்று கிழவி கதவைத் திறந்தாள். நீ என்ன செய்தாய்? ஆண்டவர் பேரைச் சொல்லி அதைச் சாத்தினாய். அந்த ஆறுதல் அவளுக்கா, உனக்கா?" என்று கேட்பார். மாணவனுக்கு முகம் சிவந்துபோகும். அவனுக்குப் பயம், கிழவி அடுத்து எதைச் சொல்வாளோ, தனக்குப் பதில் தெரியாமல் போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்துக்குத்தான் அவன் ஆண்டவரைக் கேடயமாகப் பிடித்தான். "தூங்க விடாம என்ன நெனப்பு பாட்டி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஆப்பரேஷனுக்குப் பணம் புரட்டப் போன மகன் ரெண்டு நாளாகத் திரும்பவில்லை என்பதும், அவன் வட்டிக்காரனிடம் போயிருப்பானோ என்பதும் வெளியே வந்திருக்கும். "ஆமாப்பா" என்ற ஒற்றை வார்த்தைக்குள் அவ்வளவும் புதைந்து போயிற்று. சம்பாஷணை எழுதுகிற கதாசிரியர்கள் எல்லோருக்கும் இந்தப் பாடத்தை ஒரு வருஷம் வைக்கலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

தமிழில் இந்தப் பாடம் கற்பிப்பதில் மற்றொரு சூட்சுமம் இருக்கிறது. நம் கிராமத்தார் மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள். "நெஞ்சு படபடங்குது," "உடம்பெல்லாம் எரியுது," "தலைக்குள்ள வண்டு குடையுது" என்றுதான் வருவார்கள். துக்கத்துக்கு உடம்பே பாஷை. இங்கிலீஷில் மட்டும் இதைப் படித்தவனுக்கு அந்தப் பாஷை விளங்காது. ஹென்றிக்கஸ் துபாஷியை அனுப்பிவிட்டது போல, இங்கேயும் ஒரு துபாஷியை அனுப்ப வேண்டியிருந்தது.

1969-ல் அதற்கு வழி பிறந்தது. திருமறையூர்க் கல்லூரியும் லுத்தரன் சபையாரின் இறையியல் படிப்பும் ஒன்று சேர்ந்து, மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி உருவாயிற்று. வேதசாஸ்திரப் பட்டப் படிப்பையே தமிழில் நடத்தினார்கள். பட்டம் கொடுப்பது யார் என்பதில்தான் ஒரு ருசிகரமான சரித்திரம் ஒளிந்திருக்கிறது. வங்காளத்தில் செராம்பூர் அப்போது டென்மார்க்கின் வசம் இருந்த சிறு ஊர். வில்லியம் கேரியும் கூட்டாளிகளும் 1818-ல் அங்கே ஏற்படுத்திய கலாசாலைக்கு, 1827-ல் டென்மார்க் அரசர் ஆறாம் பிரெடரிக் பட்டம் வழங்கும் உரிமைச் சாசனம் கொடுத்தார். 1845-ல் ஊரை இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றுவிட்டார்கள். சாசனம் மட்டும் செல்லுபடியாகிக்கொண்டே இருந்தது. 1918-ல் வங்காளச் சட்டம் ஒன்று அதை மேலும் உறுதிப்படுத்தியது. ஆக, உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் அரசரடியில் தமிழில் படித்து வாங்கும் பட்டத்துக்கு ஆதாரம் ஒரு டென்மார்க் ராஜாவின் முத்திரை!

அரசரடியில்தான் மதுரை மத்தியச் சிறையும் இருக்கிறது. கேட்கப் படிக்கிறவர்களுக்கு அக்கம்பக்கம் தோதாகத்தான் அமைந்தது. கல்லூரியார் இதோடு விடவில்லை. மாணவர்களை வளாகத்துக்கு வெளியே அனுப்பி, சேரிகளிலும் கிராமங்களிலும் குடியிருந்துகொண்டே படிக்கச் செய்தார்கள். அங்கே வாத்தியாராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, 'பறட்டை' என்று பெயர் வைத்துக்கொண்டு நாட்டுப்புற மெட்டுகளில் பாட்டுக் கட்டியவர், 2005-ல் காலமானார். அவரும் அவரைப் போன்றவர்களும் எழுப்பிய கேள்வி இந்தப் படிப்பின் அஸ்திவாரத்தையே அசைக்கக் கூடியது. மனக் கஷ்டம் மனத்துக்குள்ளேதான் இருக்கிறதா? ஜாதியின் பேரால் தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்தால், அவமானப்பட்டவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "அப்போது உங்கள் மனம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் போதுமா? குவளையை உடைக்க வேண்டாமா?

எனக்கு இந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது. ராஜர்ஸின் நாற்காலியில் இரண்டு பேர்தான் உட்காரலாம். நம் ஊர்த் துக்கத்தில் பெரும்பாலும் இருபது பேர் சம்பந்தப்பட்டிருப்பார்கள். ஆனால் குவளையை உடைக்கும் போராட்டம் நடக்கிற பத்து வருஷமும் அவமானப்பட்டவன் ராத்திரி தூங்க வேண்டுமே. இரண்டில் ஒன்றைச் செய்தால் மற்றது தேவையில்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

வைத்தியத் துறையில் இந்த ஞானம் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டது. அமிர்தசரஸில் வித்யாசாகர் என்ற டாக்டர் 1950-களில் மனநோயாளிகளின் குடும்பத்தாரையும் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே கூடாரம் அடித்துத் தங்க வைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் 1957-ல் பாகாயத்தில் திறந்த மனநல நிலையத்திலும் நோயாளியோடு சொந்தக்காரர் ஒருவர் தங்குவது விதியாயிற்று. கேட்கும் கலையைத் தனியே கற்பிக்க வேலூரில் கிறிஸ்தவ ஆலோசனை மையம் ஒன்றும் ஏற்பட்டது. அதன் இயக்குநர் பி. ஜே. பிரசாந்தம் இந்தியக் குடும்பங்களின் கதைகளையே பாடமாக வைத்துப் புத்தகம் எழுதினார்.

'ஆற்றுப்படுத்துதல்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்த புண்ணியவான் யாராயிருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகள் அல்லவா? பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிரே வருகிற பாணனைக் கண்டு, "இந்த வழியே போ, இந்த இடத்தில் நிழல் இருக்கும், இந்த ஊரில் சோறு கிடைக்கும்" என்று சொல்கிறான். சொல்கிறவனும் நேற்று வரை பசித்தவன்தான். உபதேசியார் என்ற சொல்லில் இருக்கும் உயரம் இதில் இல்லை. இலங்கைத் தமிழர் 'உளவளத்துணை' என்கிறார்கள். அதுவும் அழகான சொல்தான். அவர்களுக்கு அந்தச் சொல் அவசரமாகத் தேவைப்பட்டது. யுத்த காலத்தில், 1990-களில், யாழ்ப்பாணத்து மனநோய் வைத்தியர் தயா சோமசுந்தரம் ஆசிரியர்களும் குருமாரும் கிராம ஊழியர்களும் படித்துப் பயன்படுத்துவதற்காக 'மனவடு' என்ற நூலைத் தமிழில் எழுதினார். 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வேதம் வந்தது. பின்னாளில் அங்கிருந்து வந்த இந்தப் பாடமும் குறைந்ததல்ல.

இந்தப் படிப்பெல்லாம் எதற்கு, பாட்டி காலத்தில் யார் படித்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரே ஒரு தேதியைச் சொல்லலாம்: 2001-ம் வருஷம் ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த ஒரு கொட்டகையில் விடிகாலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த மனநோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். தர்காவைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. குணசீலம் பெருமாள் கோயிலுக்கும், புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கும் இதே நம்பிக்கையோடு ஜனங்கள் போகிறார்கள். அன்றைக்கு மாநிலம் முழுவதற்கும் சர்க்கார் மனநோய் ஆஸ்பத்திரி என்று தனியாக இருந்தது சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒன்றுதான். நோயாளியை முதலில் பார்க்கிறவர் டாக்டரல்ல. பூசாரி, லெப்பை, ஐயர். ஆகையால் இந்தப் படிப்பில் கேட்பதற்கு அடுத்தபடியாகக் கற்க வேண்டியது, இது என் கையை மீறியது, டாக்டரிடம் போக வேண்டும் என்று அறிந்துகொள்வது. ஜெபத்தினாலேயே தெளியும் என்று மாத்திரையை நிறுத்தச் சொல்கிற குருவானவரை விட, ஒன்றுமே படிக்காத உபதேசியார் மேல்.

ரகசியம் என்று ஒரு பிரச்சினையும் இருக்கிறது. வக்கீலிடம் கட்சிக்காரன் சொன்னதைக் கோர்ட்டில் வெளியிடக் கூடாது என்று 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் பாதுகாப்புக் கொடுத்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சட்டமும் கொடுக்கிறது. குருவிடம் சொன்னதற்கு அப்படி ஒரு விதி எழுதப்படவில்லை. குழந்தைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்க 2012-ல் வந்த சட்டமோ, அப்படிப்பட்ட குற்றம் தெரிந்தவர் யாராயிருந்தாலும் போலீஸுக்குச் சொல்லியே தீர வேண்டும் என்கிறது. எதைக் கேட்டாலும் வெளியே சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கேட்க உட்காருகிறவர், எந்த இடத்தில் அந்த வாக்குக்கு எல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. அதைச் சொன்ன மாத்திரத்தில் எதிரே இருப்பவர் வாயை மூடிக்கொண்டால்? அப்போதும் சொல்லத்தான் வேண்டும். குழந்தையின் உயிர் பெரிதா, குருவின் வாக்குப் பெரிதா என்று வந்தால் எனக்குச் சந்தேகமில்லை.

சாட் வாரா என்ற இங்கிலீஷ்ப் பாதிரியாரின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 1935-ல் இளங்குருவாக அவர் நடத்திய முதல் அடக்கங்களில் ஒன்று, பதினாலு வயதுப் பெண் ஒருத்தியுடையது. பூப்பெய்தியதை ஏதோ கெட்ட நோய் என்று எண்ணிப் பயந்து, கேட்க யாருமில்லாமல் தற்கொலை செய்துகொண்டவள். பதினெட்டு வருஷம் அந்தப் பெண்ணை அவர் மறக்கவில்லை. 1953-ல் லண்டனில் தம் கோயிலில், சாக நினைக்கிறவர்கள் வந்து பேசலாம், டெலிபோனிலும் பேசலாம் என்று அறிவித்தார். கூட்டம் வந்தது. முன்கட்டில் காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுக்கச் சாதாரண ஆண்களும் பெண்களும் உதவிக்கு வந்தார்கள். கொஞ்ச நாளில் வாரா ஒரு விஷயத்தைக் கவனித்தார். தேநீர் கொடுத்தவர்களிடமே பேசிவிட்டு, பலர் தம்மைப் பார்க்காமலே வீடு திரும்பிவிடுகிறார்கள்! அதற்குமேல் அவர் பேசும் வேலையை அவர்களிடமே ஒப்படைத்து, தாம் பின்னுக்கு நகர்ந்தார். அந்த இயக்கத்தின் வழியில் 1986-ல் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 'சிநேகா'வை ஆரம்பித்தார்.

தேநீர் கொடுத்தவர்களைப் படிக்கும்போது எனக்கு நம் ஊர் ஐயரம்மாக்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். தென் ஜில்லாக்களில் சி. எஸ். ஐ. குருவானவரை ஐயர் என்றும், அவர் மனைவியை ஐயரம்மா என்றும் சொல்வது வழக்கம். கிராமத்துப் பெண்பிள்ளை தன் குறையை வெள்ளை அங்கி போட்ட இருபத்தெட்டு வயது வாலிபரிடம் வந்து சொல்வாள் என்று எந்தப் பாடப்புத்தகம் எழுதினாலும் நான் நம்ப மாட்டேன். அவள் பாளையக்காரர் அரண்மனைக்கு வருவதுபோல முன்வாசல் வழியாக வருவதில்லை. முருங்கைக்கீரை ஒரு கட்டு ஒடித்துக்கொண்டு கொல்லைப்புறமாக வருவாள். "அம்மா இருக்காங்களா?" என்பாள். அடுப்படி வாசலில் குந்தி, கீரையை உருவிக்கொண்டே, கண்ணைக் கீரையிலேயே வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போவாள். ஐயரம்மாவுக்குப் பட்டமில்லை, சம்பளமில்லை. கேட்டது புருஷனுக்குக்கூடத் தெரியாது.

1970-களில் தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்கும் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கியது. அரசரடியில் பெண்களும் படிக்கிறார்கள். வார்த்தை பிசகாமல் சம்பாஷணைகளை எழுதிக் கொண்டுவந்து வாத்தியாரிடம் காட்டுகிறார்கள். பட்டம் பெற்றுக் கிராமத்துக்குப் போகிற அந்த அம்மாளைத் தேடிக் கீரைக்கட்டோடு வருகிறவள், இனி முன்வாசலுக்கு வருவாளா, கொல்லைப்புறத்துக்கே வருவாளா என்று தெரிந்துகொள்ள எனக்கு மிகவும் ஆவலாக இருக்கிறது.